ஞாயிறு மழை பெய்யாத தீவு

பிராங்பேர்ட்,
14.10.2007

அன்பின் அண்ணைக்கு,

நானும் தபோதரனும் சுகம். உங்கள் சுகம் கேட்டு நான் எழுதும் நாலாவது கடிதம் இது. சண்டையால் தபால் போகாத ஊருக்கு ஏன் முத்திரை ஒட்டுறாய் என்று தபோதரன் கேட்கிறார். ஒட்டுவது நான்தானே, இவருக்கு என்ன நோகுது?

முல்லைத்தீவில் மழை தொடங்கிவிட்டதா? மாதா கோயில் வளவில் இருக்கும் மழைமானியை இப்போதும் நீங்கள்தான் பார்க்கிறீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பசிபிக் தீவு நாடுகளிலிருந்து வானிலைக்காரர் ஆறு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் நாளாந்தம் மழையை அளந்து எழுதிய பழைய கொப்பிகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அதை வைத்துத்தான் வெள்ளம் வருமுன் அந்தத் தீவுகளுக்கு எச்சரிக்கை கொடுக்கப் பல நாடுகள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. வந்தவர்களில் ஒருத்தியின் பெயர் பேர்பெச்சுவா. எங்கள் மாமியின் பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கோ!

அவளுடைய தீவில் ஒரு அதிசயம். நாற்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமையில் ஒரு துளி மழை இல்லை. திங்கட்கிழமையோ கொட்டித் தள்ளுகிறது. இந்தக் கணக்கை நம்ப ஏலாது, விட்டுவிடுவோம் என்றார் எங்கள் பொறுப்பாளர். விட்டால் அவள் தீவு எச்சரிக்கைத் திட்டத்துக்குள் வராது. பேர்பெச்சுவாவின் முகம் செத்துப்போனது.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ஞாயிறு பூசைக்குப் போவீர்கள், மழைமானியைத் தொடமாட்டீர்கள். ஆண்டவரே ஓய்வெடுத்த நாள் என்பீர்கள். திங்கள் காலையில் இரண்டு நாள் மழையையும் சேர்த்து அளப்பீர்கள். உங்கள் ஊரிலும் அப்படியா என்று அவளிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையில் யார் வேலை செய்வார்கள் என்று அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

கொப்பியைத் திரும்ப எடுத்தேன். ஞாயிறுக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. அவற்றுக்குக் கணினியில் சைபர் அடித்தது நான்தான் அண்ணை. வெட்கமாகப் போய்விட்டது. எழுதாத நாள் வேறு, மழை இல்லாத நாள் வேறு என்று பொறுப்பாளரிடம் சொல்லி, பிழையை ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரமாக அந்தச் சைபர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். தீவு தப்பியது.

உங்கள் கடிதம் வந்து எட்டு மாதம். இவர் எதையோ நினைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுகிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதாத மாதங்களின் கட்டங்களில் நான் சைபர் போடமாட்டேன். எட்டு மாதத்தையும் சேர்த்து, ஏதாவதொரு திங்கட்கிழமையில், ஒரே ஒரு வரி எழுதுங்கோ.

மாதா உங்களைக் காக்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
சுஜானி