மாஸ் ஸெக்கியின் ஆடும் உன் பெயரும்

அன்பு மகன் ஆல்டனுக்கு,

இங்கே நான், உன் தங்கை ஷனிஸ், சொன்ன பேச்சுக் கேட்காத என் முழங்கால் மூவரும் சுகம். பார்படோஸில் நீயும் உன் வயிறும் சுகமா? என் கண்ணாடி உடைந்துபோனதால் நான் சொல்லச் சொல்ல ஷனிஸ் எழுதுகிறாள். (கொஞ்சம் கூட்டியும் எழுதுவேன் அண்ணா. ஷ.)

ஹோட்டல் மேற்பார்வையாளர் வேலை உன் போலீஸ் சான்றிதழில்தான் தொங்குகிறது என்று எழுதியிருந்தாய், பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். அபராதம் கட்டியாயிற்று, வருஷமும் ஓடிற்று, பழைய வழக்கு காய்ந்த மாவிலை மாதிரி தானாக உதிர்ந்துவிடும் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். சான்றிதழில் ஆட்டுத் திருட்டு பச்சையாக நின்ற பிறகுதான் தெரிந்தது, நாமாகப் போய்க் கேட்காமல் அதை யாரும் அழிப்பதில்லை என்று. தலைநகர் கிங்ஸ்டனில் அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, விண்ணப்பத்தோடு உன் நடத்தைக்குப் போதகர், சமாதான நீதவான் மாதிரி இரண்டு பெரிய மனிதர்கள் சாட்சி எழுத வேண்டும் என்றார்கள். போதகர் உடனே எழுதினார். இரண்டாவதற்கு நம் பக்கத்தில் இருக்கும் ஒரே சமாதான நீதவான் யார் தெரியுமா? நீ ஆடு திருடிய அதே மாஸ் ஸெக்கி! (ஆடு திருடிய காலும் சும்மா இராது, அம்மா காலும் சும்மா இராது. ஷ.)

அவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரவுதான் நினைவில் ஓடியது. அவர் தம்பி இறந்த ஒன்பதாம் இரவு, செத்தவரை வழியனுப்ப நம் வழக்கப்படி ஊரே கூடி விழித்திருந்தது, முற்றத்தில் டாமினோ அடிக்கும் சத்தம், ரம் வாசனை, பாட்டு. அன்றைக்கு வைத்தே ஆகவேண்டிய ஆட்டுச் சூப்புக்கு வரவேண்டிய ஆடு வரவில்லை என்றதும் நீங்கள் பையன்கள் அவர் வேலிக்குள்ளிருந்தே ஒன்றை ஓட்டி வந்தீர்கள். அந்தச் சூப்பை மாஸ் ஸெக்கியே இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "இந்த ஆட்ட வளத்தவன் கைராசிக்காரன்டா!" என்றாரே! விடிந்து வேலியைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் ஓடினார்கள், நீ மட்டும் நின்றாய்.

கதவைத் திறந்ததும், "வாம்மா ஐரிஸ், ஆட்டுக்காரனோட ஆத்தா! எண்ணிக்கோ, இன்னிக்கு என் ஆட்டுல ஒண்ணும் குறையல" என்றார். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய்ப் பேனாவைத் தேடி எடுத்து வந்தார். பிறகு, "ஓடாம நின்னவன் அவன் ஒருத்தன்தான், அதத்தான் எழுதப்போறேன்" என்று எழுதினார்.

நேற்றுக் குழுவின் பதில் வந்தது. அழித்துவிட்டார்கள், மகனே. புதுச் சான்றிதழ் வாங்கினால் சுத்தமாக இருக்குமாம். ஆனால் அமெரிக்க விசா கேட்கப்போனால் பொய் சொல்லாதே, அவர்கள் அழிந்ததையும் கேட்பார்களாம். கடையில் உன் பேர் இன்னும் 'ஆட்டுக்காரன்'தான், அதை அழிக்க எந்தக் குழுவும் இல்லை.

மாஸ் ஸெக்கிக்கு நன்றி சொல்லப் போனேன். இருமிக்கொண்டே சிரித்தார். "நன்றி எனக்கு எதுக்கு? என் ஒன்பதாம் ராத்திரி சூப்பு அவன்தான் வைக்கணும். ஆட்ட வாசல் வழியா கொண்டாரச் சொல்லு. அவசரமில்ல, நானும் கெளம்பல."

தேவன் உன்னைக் காக்கட்டும், புது வேலை நிலைக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு, அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு கிண்ணம் சூப்பு ஊற்றிக் கொடு.

உன் அம்மா
ஐரிஸ்

(அண்ணா, நம் வேலியிலும் இப்போது ஒரு குட்டி நிற்கிறது. நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஷ.)