துடைத்த கிண்ணம்

என் அன்பானவளுக்கு,

ஆண்டவர் தயவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் விட்டதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. பயப்படாதே, அடிதடி இல்லை. எங்கள் ஆலை மேஸ்திரி வீட்டு ஜெபக் கூட்டத்துக்குச் சாக்கடை அள்ளும் பெரியவரும் வந்திருந்தார். திராட்சை ரசக் கிண்ணம் கைமாறி வந்தது. வேறு யார் குடித்தபோதும் துடைக்காத மேஸ்திரி, பெரியவர் குடித்ததும் கிண்ணத்தை வாங்கி, கைக்குட்டையால் விளிம்பை அழுத்தி அழுத்தித் துடைத்தார். பெரியவர் தலை குனிந்துகொண்டார்.

"ஏண்ணே, அவர் குடிச்சதுக்கு மட்டும் துடைக்கிறீங்க?"

"அடுத்து நீதானே குடிக்கணும் தம்பி. உனக்காகத்தான்" என்று சிரித்தார்.

"அப்ப எனக்கு வேணாம்ணே."

"கல்யாணத்துக்காக முங்கி எழுந்தவன் நீ. எனக்குச் சொல்லித் தர்றியா?"

உன்னைக் கட்டிக்கொள்ளத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன், உண்மைதான். ஆனால் இயேசுவை அந்த ஆளிடம் விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. பெரியவரைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வாரம் என் அறையில் நாங்கள் இருவரும் ஜெபித்தோம். ஒரே டம்ளரில் தேநீர். பெரியவர் குடித்துவிட்டு, சட்டை நுனியால் தானே விளிம்பைத் துடைக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேஸ்திரி என்னைக் கொதிகலன் பக்கம் மாற்றிவிட்டார். குளிருக்கு நல்லதுதான். காலையில் நீ பாடும் பாட்டைப் பதிவு செய்து அனுப்பு. ஜெபத்தில் ராகம் தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதே, என்ன சமைத்தாய் என்றாவது சொல். வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன்னவன்