சமையலுக்கு வந்த பிள்ளை

என்னைப் பெறாமல் வளர்த்த அம்மா,

இந்தக் கடிதத்தில் உன்னை நீ என்றுதான் எழுதப் போகிறேன். பதினைந்து வயதில் கொழும்பிலிருந்து வந்து இறங்கியவள் நான். பெரியவர்களிடம் எனக்கு 'நீங்கள்'தான் வாயில் வரும். தென்காசியில் பெற்ற தாயைப் பிள்ளைகள் நீ என்பார்கள். "என்னட்டி எப்பப் பாத்தாலும் நீங்க நீங்கன்னுக்கிட்டு? நான் என்ன மூணாம் மனுஷியா?" என்று நீ சடைத்துக்கொள்வாய். பத்து வருஷம் கேட்டும் நான் மாறவில்லை. இப்போது உன்மேல் எனக்கு அடங்காத கோபம். 'நீங்கள்' போட்டுக்கொண்டு இந்தக் கோபத்தைக் கோபப்பட முடியாது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. லாட்ஜில் ஒரு அறை காலியில்லை. சமையல்கட்டில் எனக்குக் கீழே இப்போது ஐந்து பேர், அதில் மூன்று பேர் ஆண்கள். வாசல் பலகையில் 'இலங்கைச் சொதி, இடியாப்பம்' என்று முதலாளி சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். கடையத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நீ மட்டும் ஒரு நாள்கூட அங்கே வந்து சாப்பிட்டதில்லை. மூன்று மைல்தானே அம்மா? ஏன் வரவில்லை?

இந்தக் கடிதத்தை நம்மூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். பெரியப்பா வீட்டில் அதை வரி விடாமல் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் அனுப்புகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தது. என்னைப் பெற்ற இரண்டு பேரும் அதோடு போனார்கள். அடுத்த தெரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரர் என்னைக் கப்பலேற்றி, தனுஷ்கோடியில் இறக்கி, ரயில் மாறி மாறித் தென்காசிக்குக் கூட்டிவந்து உன் முன்னால் நிறுத்தினார். "கோமதி, நமக்குப் பிள்ளை" என்றார். அவ்வளவுதான். நீ என் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாய். "தல பூரா பேனு. வா, மொதல்ல எண்ணெய் வைப்போம்" என்றாய். அதுதான் எனக்கு நடந்த சுவீகாரம். பத்திரமும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

ஒரே வருஷத்தில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய அண்ணன், அதுதான் பெரியப்பா, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உன்னிடம் வந்து, "இந்தக் கொழும்புக் குட்டிய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போதே? ஏதாவது ஆசிரமத்துல விட்டுரு" என்றார். நீ என்னை விட்டுவிடவில்லை. நாம் குடியிருந்த வீடு அவர் பெயரில் இருந்தது, பானையில் வெந்த அரிசி அவர் வயலில் விளைந்தது. அவர் முகம் கோணினால் நாம் இரண்டு பேரும் கோயில் மொட்டைக் கோபுர வாசலில்தான் போய் உட்கார வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கோபம் தணியவில்லை என்பதுதான் விஷயம்.

உன் அடுப்படியில் சாமிக்குக் காட்டாத எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பது வழக்கம். வந்த இரண்டாம் நாள் அப்படிச் செய்தேன். என் கையைத் தட்டிவிட்டாய். "எச்சிப் பண்ணாதட்டி! உப்பு மணக்கும். மோந்து பாரு." உப்பாவது, மணப்பதாவது என்று எனக்கு எரிச்சல் வந்தது. உன்னைப் பொய்யாக்கிக் காட்டத்தான் கொதிக்கிற குழம்பின்மேல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆறு மாதத்தில், பாழாய்ப் போன உப்பு மணக்கத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரியப்பா மகளின் கல்யாணம். கல்யாணம் முடிந்த மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு. சமைக்க வந்திருந்த தவசுப்பிள்ளைக்குக் காய்ச்சல். ஆள் எழுந்திருக்கவில்லை. முப்பது இலைக்கு யார் சமைப்பது என்று பெண்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி யோகம், ஒனக்குச் சொதி வைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம், தெருப் பிள்ளைகள் "நமச்சிவாயத்த எங்கட்டி விட்டுட்டு வந்தே?" என்று என்னைக் கேலி செய்த ஓம். எனக்குத் தெரியாதா சொதி? என்னைப் பெற்றவள் காலையும் மாலையும் வைத்ததல்லவா?

வைத்தேன். தேங்காய்ப் பால், வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கடைசியில் இறக்கி வைத்து எலுமிச்சை. தண்ணீராக, மஞ்சளாக, எங்கள் ஊர்ச் சொதி. உங்கள் ஊரில் சொதி என்றால் பாசிப்பருப்பும் காய்கறியும் இஞ்சிச் சாறும் சேர்ந்து கெட்டியாக நிற்கும் கல்யாணக் குழம்பு என்று எனக்கு யார் சொன்னார்கள்? மூன்று வருஷத்தில் நம் வீட்டில் அது வைத்ததே இல்லை. அப்பா போன வீட்டில் யாருக்கு மாப்பிள்ளைச் சாப்பாடு?

இலையில் விட்டதும் அது நாலு பக்கமும் ஓடியது. மாப்பிள்ளையின் தாய்மாமன் குனிந்து பார்த்தார். "என்னவே இது, பத்தியச் சாப்பாடா? எங்க பையனுக்கு வயித்துக்கு முடியலன்னு ஒம்மகிட்ட யாரு சொன்னா?" பந்தி முழுக்கச் சிரித்தது. பெரியப்பாவின் முகம் கறுத்தது. மாப்பிள்ளையின் அம்மா நேரே அடுப்படிக்கு வந்து, கரண்டியோடு நின்ற என்னைக் காட்டி, "இது யாரு பிள்ள?" என்று கேட்டாள்.

நீ கதவோரம் நின்றுகொண்டிருந்தாய். உன் பின்னால் பெரியப்பா. நீ அவரைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை.

"சமையலுக்கு வந்த பிள்ளை. கொழும்புக்காரி. தெரியாம வச்சிட்டா, மன்னிச்சிக்கிடுங்க" என்றாய்.

சொல்லிவிட்டாய்! சிரித்தவர்களை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர்கள் யார் எனக்கு? என் தலையில் எண்ணெய் வைத்த கை உன்னுடையது. அந்த ஒரு கேள்விக்கு இரண்டே சொல்லில் பதில் இருந்தது. 'என் மவ' என்று சொல்லியிருந்தால் தாலியா அறுந்திருக்கும்? உனக்கு அறுவதற்குத் தாலிகூட இல்லையே அம்மா!

இப்படியெல்லாம் எழுதியது எனக்கே கூசுகிறது. ஆனால் எழுதியதை அடிக்க மாட்டேன்.

சமையலுக்கு வந்தவள் என்றால் சமையலுக்கே போகிறேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். நீ சொன்ன பொய்யை நான் தொழிலாக்கிக்கொண்டேன். அடுத்த சீசனில் குற்றாலத்து லாட்ஜில் மாவரைக்கச் சேர்ந்தேன். நீ அழுதாய், தடுக்கவில்லை. நாலு வருஷம் அரைத்தேன், நறுக்கினேன், வடித்தேன். அங்கிருந்த தவசுப்பிள்ளை ஒரு சாரல் நாளில் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூடத்தில் அறுபது பேர் இலை முன்னால். அடுப்பைப் பற்றவைத்தேன்.

"பொம்பளையால அண்டா எறக்க முடியுமா?" என்றார் முதலாளி.

"அண்டாவ ரெண்டு ஆம்பிளை இறக்கட்டும். எப்ப இறக்கோணும் எண்டு நான் சொல்லுறன்" என்றேன்.

ஒரு சொட்டும் நாக்கில் வைக்காமல் அறுபது பேருக்கு உப்புச் சரியாகப் போட்டதைப் பார்த்து வேலைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த மாதமே சமையல்கட்டு என் பொறுப்பில் வந்தது. ஆண் சமைத்தால் தவசுப்பிள்ளை, மரியாதையாக ஒரு பிள்ளை. நான் சமைத்தால் சமையல்காரி. அதே உலை, அதே அண்டா. அதைச் செய்யும் பெண்ணுக்கு மரியாதையாக ஒரு பெயர் உங்கள் ஊரில் யாருக்கும் கிடைக்கவில்லை.

காலைப் பலகாரத்துக்கு நான் முதலில் வைத்ததே அந்த மஞ்சள் சொதியைத்தான். வேண்டுமென்றேதான் வைத்தேன். ஒரு நாள் பெரியப்பா வீரகேரளம்புதூர்ச் சம்பந்தியோடு அருவியில் குளித்துவிட்டுச் சாப்பிட வந்தார். நான் இருப்பது அவருக்குத் தெரியாது. எட்டு இடியாப்பம் சாப்பிட்டார், மூன்று தடவை சொதி வாங்கினார். "தவசுப்பிள்ளையக் கூப்பிடுங்கய்யா, ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். அவருக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சம்பந்தியைப் பார்த்து, "நம்ம வீட்டுல சமையலுக்கு இருந்த பிள்ளைதான்" என்று பெருமையாகச் சொன்னார். உன் சொல்! அதைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

உன்னிடம் வந்து சொன்னபோது, "அவரு வாயால நல்லாருக்குன்னாரால்லா, அது போதும்ட்டி" என்றாய். உனக்குப் போதும். எனக்கு?

போன கார்த்திகையில் நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். தினமும் முதல் பஸ்ஸில் கஞ்சியோடு வந்தேன். கடைசி வாரம், செங்கோட்டைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, மலையாள வாடையில், "இது ஆரா பாட்டி, தெவசமும் கஞ்சி கொண்டு வருதே?" என்று கேட்டாள். நீ கண்ணைத் திறக்காமலே, "என் மவ" என்றாய்.

டம்ளரை நங்கென்று கீழே வைத்தேன். சந்தோஷமா? இல்லை அம்மா, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக முழுங்கி வைத்திருந்ததை, நம்மை யாரென்றே தெரியாத ஒருத்தியிடம், கேட்க ஆளில்லாத அறையில் சொன்னாய். அன்றைக்குப் பெரியப்பா இரண்டு மணிக்குத்தானே பார்க்க வந்தார். அவர் வரும்வரை அந்தச் சொல்லைப் பிடித்து வைத்திருக்கக் கூடாதா?

நாலாம் நாள் நீ போனாய். வீட்டில் கிடத்தி வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பெண்கள் வரிசையில் நானும் ஒரு பிடி அரிசியோடு நின்றேன். என் முறை வந்ததும் பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ எதுக்குட்டி? இது சொந்தக்காரங்க போடுதது."

"நான் மகள்" என்றேன்.

பெரியப்பா முற்றத்திலிருந்தே குரல் கொடுத்தார். "அவளே சபையில சொல்லியிருக்காளே, சமையலுக்கு வந்த பிள்ளைன்னு! செத்தவ சொல்ல நீ மாத்துவியா?"

உன் வாயைப் பார்த்தேன். கட்டியிருந்தார்கள். அரிசி என் கையிலேயே இருந்தது.

நீ எரிந்து அடங்குவதற்குள் பெரியப்பா பின்கட்டுக்கு வந்தார். குரலை இறக்கி, "பதினாறாம் நாளைக்கு நூறு எல விழும். ஒன் கையால வச்சாத்தான் நல்லாருக்கும். பாத்துக்கிடுவேல்லா?" என்றார்.

"வாய்க்கரிசி போடக் கூடாத கை, உலையில அரிசி போடலாமோ பெரியப்பா?" என்று கேட்டேன். நான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பதினாறுக்கு வரவில்லை. சாம்பார் தீய்ந்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு.

அந்த நர்ஸைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியப்பாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, நீ சொன்னதைச் சொல்ல வைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. மாற்றலாகிப் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இனி நீ சொன்னதற்கு நான் மட்டும்தான் சாட்சி. என் சாட்சி உன் வீட்டில் செல்லாது. அதனால்தான் இத்தனை பேர் காதில் விழும்படி எழுதுகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. தெரியவில்லை. நீ பயந்தாய். பயந்துகொண்டே எனக்குச் சோறு போட்டாய், பயந்துகொண்டே என்னை வைத்துக்கொண்டாய். அதற்காக உன்னை நினைத்து அழுகிறேன். பயந்துகொண்டே என்னை மறுத்தாய். அதற்காகவும்தான் அழுகிறேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். வருகிற கார்த்திகையில் உன் வருஷத் திதியை லாட்ஜ் கூடத்தில் நான் வைப்பேன். வருகிற எல்லோருக்கும் இலை உண்டு, பெரியப்பாவுக்கும் உண்டு. ஆனால் சோறு விழுவதற்கு முன்னால் கூடத்தின் நடுவில் நின்று, "இது என் அம்மாவுக்குத் திதி" என்று சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தவர்கள் சாப்பிடட்டும். முடியாதவர்கள் எழுந்து கை கழுவட்டும். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் செய்வேன். நான் இருக்கும்வரை.

இப்படிக்கு,
கோமதியம்மாளின் மகள்
யோகேஸ்வரி