பதினெட்டு வினாக்களும் இஸ்லா மயோர் சம்பந்தியும்

பூதலூர்
26.10.2025, ஞாயிறு

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் ரத்த அழுத்தம்கூட நேற்று மாலையிலிருந்து நலம். நீயும் அந்திரேஸும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் அதற்கு நானே காரணமாக இருக்கலாம், அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிடும், மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். கடிதம் என்றால் வரிசையாகச் சொல்லலாம், அடித்துத் திருத்தலாம். ஆனால் இன்று வரிசையாகச் சொல்ல வருமா என்று தெரியவில்லை, நேற்றிலிருந்து தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன், அம்மா இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

ஆடி மாதம் நீ கேட்டது இரண்டு விஷயம். அந்திரேஸைக் கல்யாணம் செய்துகொள்ள என் சம்மதம் வேண்டும், ஏப்ரலில் அங்கே நெல் விதைப்பு வேலை தொடங்குமுன் நடக்கும் கல்யாணத்துக்கு நான் நேரில் வர வேண்டும். நீங்க வராம நான் கட்டிக்க மாட்டேம்பா என்றும் சொன்னாய். அம்மா அந்த நிமிஷமே சரி என்றாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன், மூன்று மாதம் ஓடிவிட்டது. நீ மறுபடி கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் இல்லை. நம் பக்கத்தில் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க வேண்டும், நான் யாரைப் போய் விசாரிப்பது என்பதுதான் சிக்கல். உன் அத்தை மகள் குந்தவைக்கு வரன் வந்தபோது நான் பாபநாசம் போய் டீக்கடை, சலூன், பால் சொசைட்டி மூன்றிலும் கேட்டு நோட்டில் குறித்துவந்தேன், அரைப்படி தண்ணீர்கூடக் கலக்காத வீடு சார் என்று சொசைட்டிக்காரர் சொன்னதும் நிச்சயம் செய்தோம். ஸ்பெயினில், செவில்லா பக்கத்து இஸ்லா மயோரில் எனக்கு எந்த சொசைட்டிக்காரரைத் தெரியும்? அதனால் வேரிலிருந்து விசாரிப்போம் என்று முடிவு செய்தேன். ஒரு மாதம், வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை ரயிலில் தஞ்சாவூர் போய் நூலகத்தில் உட்கார்ந்து, அமெரிக்காவைப் பிடிக்கக் கப்பலேறிய ஸ்பெயின்காரர்களைப் பற்றி இருநூறு பக்க நோட்டு ஒன்று முழுக்க எழுதினேன். மாப்பிள்ளை வீட்டை ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாலிருந்து விசாரிக்கிற ஒரே ஆள் நீங்கதான் என்று அம்மா சொன்னாள்.

ஏன் போனார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. நான் நினைத்தது போல எல்லோரும் ராஜாவின் சிப்பாய்கள் இல்லையாம். பாதிப் பேர் சொந்தச் செலவில், கடன் வாங்கிக் குதிரையும் வாளும் வாங்கிக்கொண்டு போனவர்கள். கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு, மீதியைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியது. பெரிய வீடுகளில் நிலம் முழுக்க மூத்த பிள்ளைக்கு எழுதி வைத்துவிடுவார்கள், இளையவனுக்கு மிஞ்சுவது குடும்பப் பெயரும் வீம்பும்தான், ஏர் பிடிக்கவும் கூடாது, கடை வைக்கவும் கூடாது, கௌரவக் குறைச்சல். மழை பொய்க்கிற எஸ்திரமதுரா என்ற சீமையிலிருந்துதான் பெரிய தலைகள் பலர் கிளம்பியிருக்கிறார்கள். பொன் ஒரு காரணம், மதத்தைப் பரப்புவது ஒரு காரணம், ஊர் திரும்பும்போது நாலு பேர் எழுந்து நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். மூன்றுக்கும் மூன்று பத்தி போட்டு ஆள் ஆளாக அடைத்துப் பார்த்தேன், எவனும் ஒரே பத்தியில் நிற்கவில்லை. நான் பிரித்தது தவறாகவும் இருக்கலாம். ஆனால் இளைய பிள்ளைகள்தான் கப்பலேறினார்கள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, ஏனென்றால் அந்திரேஸ் இளைய பிள்ளை.

இன்னொன்று சொல்கிறேன், நீ சிரிக்கக் கூடாது. மெக்சிகோவைப் பிடித்த கோர்ட்டெஸ் அதற்கு முன்னால் ஒரு தீவில் சின்ன ஊர் ஒன்றில் பத்திரம் எழுதுகிற எழுத்தராக இருந்தானாம்! நம் தொழில்காரன்! மேலதிகாரி உத்தரவை மீறிப் போன இடத்தில் கடற்கரையிலேயே ஒரு நகரம் அமைத்ததாகக் காகிதம் எழுதி, அதற்கு உறுப்பினர்களைத் தானே நியமித்து, அவர்களிடம் தன் பதவியை ராஜினாமா செய்து, அவர்கள் கையாலேயே இன்னும் பெரிய பதவியை வாங்கிக்கொண்டான். முப்பத்துநான்கு வருஷம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டிய எனக்கு இப்படி ஒரு தந்திரம் தோன்றியதே இல்லை. நூலகம் என்பதையும் மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன், பிறகு அவன் செய்த கொலைகளைப் படித்துவிட்டு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம் அவர்கள் கையோடு கொண்டுபோன ஒரு அறிக்கை. ஊருக்குள் நுழையுமுன் அதை ஸ்பானிஷில் வாசிப்பார்கள். எங்கள் ராஜாவுக்கும் எங்கள் மதத்துக்கும் அடங்குங்கள், அடங்காவிட்டால் போர் தொடுத்து உங்களை அடிமையாக்குவோம், அதனால் வரும் சாவுக்கும் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு என்று இருக்கும். கேட்பவனுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆள் ஓடிப்போன வெறும் குடிசைகளுக்கு வாசித்ததும் உண்டு, கப்பலில் நின்றபடி வாசித்ததும் உண்டு. பக்கத்தில் ஒரு எழுத்தர் நின்று, முறைப்படி வாசித்துக் காட்டப்பட்டது என்று கையெழுத்துப் போடுவார். இப்படியும் மனிதர்களா என்று சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் கொதித்தேன். அவங்க ஏறிப்போன சீமையிலேருந்து வந்த மிளகாய் இல்லாம ஒரு வாரம் சமைச்சுப் போடறேன், தின்னுட்டு அப்புறம் கொதிங்க என்றாள்.

இனிமேல்தான் நான் செய்த காரியம் வருகிறது, உன்னிடம் சொல்லாமல் செய்தது. நோட்டு நிறைந்ததும் மாப்பிள்ளையின் அப்பாவையே நேராகக் கேட்டுவிடுவது என்று பதினெட்டு வினாக்கள் எழுதினேன். இரண்டாவது வினா, தங்கள் குடும்பத்தில் எவரேனும் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதுண்டா, உண்டெனில் நோக்கம் (அ) பொன் (ஆ) மதம் (இ) பெயர் (ஈ) பிற. ஏழாவது வினா, மூத்த மகனுக்கு மட்டும் நிலம் தரும் வழக்கம் உண்டா. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் இசைவாணி அதை ஸ்பானிஷில் மாற்றி அச்சடித்துக் கொடுத்தாள், சார் இது கல்யாண விஷயமா கேஸ் விஷயமா என்று ஒரு தடவை கேட்டாள், நான்தான் கவனிக்கவில்லை. பொங்கலுக்கு அவர்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையின் உறையில் முகவரி இருந்தது. ஸ்பீடு போஸ்ட் செய்துவிட்டு வரும் வழியில் கண்ணாடிக் கடை சித்தீக்கிடம் பெருமையாகத் தமிழ் நகலைக் காட்டினேன். அவன் நாகூர்க்காரன், கடைசிப் பத்தியைக் கடைக்கு வந்திருந்த ஆட்களுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். மேற்படி வினாக்களுக்குப் பதினைந்து தினங்களுக்குள் பதில் வராத பட்சத்தில், தங்கள் தரப்பில் சொல்ல ஏதுமில்லை எனக் கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும், அதனால் ஏற்படும் விளைவுகளுக்குத் தாங்களே முழுப் பொறுப்பு. அம்மா சத்தியமாக நான் யோசித்து எழுதவில்லை பூர்ணிமா, ஆயிரக்கணக்கான நோட்டீஸ் எழுதிய கை, தானாக எழுதிவிட்டது! சித்தீக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சநாதா, ஒரு மாசமா அவனுங்க கடற்கரையில நின்னு படிச்சானுங்கன்னு திட்டினியே, நீ பூதலூர்ல இருந்துக்கிட்டே படிச்சிட்டியே, பொண்ணக் குடுக்கறியா இல்ல ஜப்தி பண்றியா என்றான்.

திரும்பத் தபால் நிலையத்துக்கு ஓடினேன், பை போய்விட்டது. அதன்பின் நாற்பத்தொரு நாள் நான் பட்ட பாட்டை எழுத முடியாது. நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போதெல்லாம், கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்துத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஒரு வாரம் நீ கூப்பிடவே இல்லை, அது உன் நெல் ஆராய்ச்சி வேலையில் அறுவடைப் பரிசோதனை வாரம் என்று அம்மா சொன்னாள், நான் நம்பவில்லை. முப்பது வயதுப் பெண் மூன்று மாதம் பொறுமையாகக் காத்திருந்த ஒரே காரியத்தை ஒரு பாராவில் கெடுத்துவிட்டேனே என்று சம்பா நடவுக்குக்கூட வரப்பில் போய் நிற்கவில்லை. காளியம்மாள்தான் ஆட்களைக் கூட்டிவந்து நட்டு முடித்தாள், அய்யாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அவளும் கேட்டாள்.

நேற்று சனிக்கிழமை மதியம் ஒரு தடித்த உறை வந்தது. அதில் அந்திரேஸின் அப்பா விசென்தே அவர்களின் பெயரைப் பார்த்ததும் அம்மாவிடம் நீட்டிவிட்டேன், அவள் பிரித்தாள், இசைவாணியை வீட்டுக்கே வரவழைத்துப் போனில் தமிழாக்கி வாசிக்கச் சொன்னோம். மொழிபெயர்ப்பு கொஞ்சம் கோணல், ஆனால் புரிந்தது. முதல் வரியே, மதிப்புக்குரிய ஐயா, தங்கள் நோட்டீஸ் என் கைக்கு வரும்போதே பதினைந்து நாள் கெடு முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது, தாமதத்தை மன்னித்து என் பதிலை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்! பூர்ணிமா, மனு! எனக்கு மனு போட்டிருக்கிறார்! பதினெட்டுக்கும் வரிசையாகப் பதில், ஒன்றுகூட விடவில்லை, அதன் கீழே ஊர் நோட்டரியிடம் முத்திரையும் வாங்கியிருக்கிறார். நெல் விவசாயிகள் கூடுகிற மதுக்கடையில் என் நோட்டீசை அவர் வாசித்தாராம், சிரித்து முடித்தபின் ஆளாளுக்கு எங்க வீட்டுக்கும் அந்த ஐயாவை வினா அனுப்பச் சொல்லு என்றார்களாம். இரண்டாவது வினாவுக்கு, எங்கள் குடும்பத்தில் எவரும் எதையும் பிடிக்கவில்லை, என் தாத்தாவின் அண்ணன் ஒருவர் கியூபாவுக்கு ஓடு விற்கப் போய், ஓடும் விற்காமல் ஒரு கிளியோடு திரும்பினார், நோக்கம் (ஈ) பிற. என் அப்பா வலென்சியாவிலிருந்து நாற்றும் கையுமாக வந்து இந்தச் சதுப்பில் கொசுக்கடியில் நின்று வயல் திருத்தியவர், கொசுதான் எங்களைப் பிடித்தது. ஏழாவது வினாவுக்கு, மூத்தவனுக்குச் சேறு ஆகாது, அவன் மாட்ரிட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறான், இருபத்திரண்டு ஹெக்டேரும் இளையவனைத்தான் நம்பியிருக்கிறது, அவன் கப்பலேறினால் நான் செத்தேன் என்று எழுதியிருக்கிறார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன் என்று வைத்துக்கொள்.

அதோடு விடவில்லை, அவர் பங்குக்குப் பத்தொன்பது வினாக்கள், என்னைவிட ஒன்று கூட. முதல் வினாவே என்னைக் கீழே தள்ளியது. ஆயிரம் வருஷத்துக்கு முன் தஞ்சாவூர் ராஜா கடல் தாண்டிக் கடாரத்தைப் பிடித்தார் என்று அந்திரேஸ் சொல்கிறான், தங்கள் முன்னோர் அந்தக் கப்பலில் இருந்தார்களா, நோக்கம் (அ) பொன் (ஆ) மதம் (இ) பெயர் (ஈ) பிற. நான் பெரிய கோயிலை எத்தனை தடவை சுற்றியிருப்பேன், கடாரத்து ராஜாவின் யானைகளையும் மணிகள் பதித்த வாசற்கதவையும் கொண்டுவந்த கதை அங்கே கல்லில் வெட்டியிருப்பதை எத்தனை பேருக்கு விரல் நீட்டிக் காட்டியிருப்பேன். அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுபத்தோரு வயது வரை எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, ஒரு நெல் விவசாயி கியூபாக் கிளியோடு வந்து கேட்கிறார். பதிலுக்கு நேர்மையாக எழுத வேண்டுமே என்று சித்தீக்கைக் கேட்டேன், எங்க நாகூர் ஆளுங்க யாராவது அந்தக் கப்பல ஓட்டியிருப்பாங்க, எனக்கும் சேர்த்து ஒரு வரி போட்டுக்க என்றான். தெரியவில்லை, இருந்திருக்கலாம், இருந்திருந்தால் மூன்றுக்காகவும் போயிருப்பார்கள் என்று எழுதப்போகிறேன், சரியா என்று நீ பார்த்துச் சொல்.

சின்ன விஷயங்களும் சொல்லிவிடுகிறேன். வெயிலில் வயலுக்குப் போகும்போது தொப்பி போட்டுக்கொள், போனில் கழுத்தெல்லாம் கறுத்துத் தெரிகிறது. அந்திரேஸிடம் நான் கேட்டதாகச் சொல், அவன் அப்பாவுக்கு என் பயம் எதையும் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட் ஆபீசில் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் போட்டோ எடுக்க வேண்டும், உன் அம்மா ஆடி மாதமே எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறாள். விமானத்தில் எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது, கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் வாய் திறக்குமா என்றும் தெரியாது, எழுதிவைத்து வாசிக்கலாம் என்றால் இனி எதையும் எழுதி வாசிக்கத் துணிச்சல் இல்லை. நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று, சண்டை போட்டாலும் அன்றே சமாதானமாகி, இரண்டு ஊர் நெல்லும் ஒரு பானையில் பொங்கி நூறு வருஷம் இருக்க அப்பாவின் மனமார்ந்த ஆசீர்வாதம்.

மறந்துவிடாதே, என் பதில் தனி உறையில் விசென்தே அவர்களுக்குப் போகிறது, இன்னும் முடியவில்லை, ஆறாவது வினாவில் நிற்கிறேன். அவருடைய பத்தொன்பதாவது வினா இவ்வளவுதான்: கல்யாணத்துக்கு வருகிறீர்களா இல்லையா, இதற்கு (அ) (ஆ) (இ) வேண்டாம். வாழ்க்கையில் முதல் தடவையாக வரிசையை விட்டுக் கடைசி வினாவுக்கு முதலில் பதில் எழுதினேன், காகிதத்தின் உச்சியில், பெரிய எழுத்தில், தமிழிலேயே. வருகிறேன் என்று. உறை போய்ச் சேர நாளாகும். இன்றே அவர் வீட்டுக்குப் போய் நீ சொல்லிவிடு.

உன் அப்பா,
பஞ்சநாதன்