இடக்கண்

போனை எடுக்காத பாப்பாவுக்கு,

நீ போவதை நிறுத்திய வில்வித்தை வகுப்பில் நேற்று நான் சேர்ந்தேன். அதே லோஹேகாவ் மைதானம், அதே கோச். முதல் பாடம்: இரு கைகளையும் நீட்டி, நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே இலக்கைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணுக்கு இலக்கு மறையவில்லையோ, அந்தப் பக்கத்துக் கையால்தான் நாணை இழுக்க வேண்டும்.

உனக்கு இடக்கண் என்று நீ சேர்ந்த அன்றே சொன்னார். "எங்க வீட்ல யாருக்கும் இடதுகைப் பழக்கம் கிடையாது" என்று வலதுகை வில்லையே கொடுக்கவைத்தேன். "அம்பு இடதுபக்கமே போகுதுப்பா" என்று ஐந்து வருஷம் அழுதாய். கவனமில்லை என்று திட்டினேன்.

"அங்கிள், ஆப்கா பீ லெஃப்ட் ஹை" என்றார் கோச். எனக்கும் இடக்கண்தான், பாப்பா.

உனக்குத் தமிழ் படிக்க நான் கற்றுத்தரவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா