நெஞ்சுக் குளிசையும் ஆறாம் திருவிழாவும்

10.6.92 புதன்

சோளகக் காற்று. வாய்க்குள்ளும் மண். மனுசி பூமணி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, அவள் சேலைக்குப் போடும் பழைய சட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எழுதவே வெட்கம். ஆனால் போட்டாயிற்று. வயது ஐம்பத்தெட்டு, பேரப்பிள்ளை கண்டவன். கை இறுக்கம், தோள் இறுக்கம். முன்பக்கம் மட்டும் எனக்கென்றே தைத்தது போல.

கழற்றுவதற்குள் மனுசி வந்துவிட்டாள். வாசலில் நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"மெதுவாக் கழட்டுங்கோ. கிழிஞ்சா இப்ப துணி வாங்கேலாது."

அவ்வளவுதான். போய் மீன் வெட்டத் தொடங்கிவிட்டாள்.

விசயம் இதுதான். மாசியில் இருந்து மார் இரண்டும் வீங்குகிறது. நோவும் இருக்கிறது, பெனியன் பட்டாலே சுள்ளென்று. முதலில் கட்டி என்று பயந்தேன். கட்டி இல்லை. கட்டழகு.

குளிசை விபரம்: நெஞ்சுக்கு ஒன்று, அதைப் போட்டால் சோற்றைக் கண்டவுடன் ஓங்காளம். நெஞ்சு இறுகினால் நாக்குக்குக் கீழே வைக்க ஒன்று, வைத்தால் தலைக்குள் உலக்கை போடும். உடம்புத் தண்ணீர் இறங்க வெள்ளைக் குளிசை. வெள்ளையில்தான் சந்தேகம். சண்டையில் கொழும்புப் பாதை பூட்டி, முன்பு தந்த மூத்திரக் குளிசை ஆஸ்பத்திரியில் முடிந்து, மாசியில்தான் இதைக் கையில் வைத்தார்கள்.

11.6 வியாழன்

ஆஸ்பத்திரி. செல்லத்துரையின் சைக்கிள் கரியரில் போனேன். பூமணியின் தம்பி. பேசும்போது கழுத்து உப்பும். கலியாணமான புதிதிலேயே தவளை என்று பேர் வைத்துவிட்டேன். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "தவளையின்ரை ஆக்களோ, வாங்கோ" என்றுதான் வரவேற்றார்களாம். நான் வைத்த பேர்களில் நன்றாக நின்று பிடித்தது அது.

வழி முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் மார் குலுங்கி உயிர் போய் வந்தது. இரண்டு கையாலும் நெஞ்சைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"என்ன அத்தான், குளிருதோ?"

"தவளைக்கு வெயில் தெரியாது. நீ மிதி."

டொக்டர் சின்னப் பெடியன். நித்திரை இல்லாத கண். சட்டையைத் தூக்கிக் காட்டினேன். இரண்டாம் தரம் பார்க்கவில்லை.

"உது அந்தக் குளிசையாலை. சில பேருக்கு உப்பிடி வரும்."

"வேறை குளிசை இல்லையோ டொக்டர்?"

"இருக்கு. கொழும்பிலை."

"நிப்பாட்டினா?"

"மார் வத்தும். மாசக்கணக்கு எடுக்கும். அதுக்கிடையிலை நெஞ்சிலை தண்ணி கட்டும். பெட்டிக்குப் பலகை தேடச் சொல்லுங்கோ, அதுவும் இப்ப தட்டுப்பாடு."

எனக்குப் பிடித்த டொக்டர். என்னைப் போல ஆள்.

13.6 சனி

மண்ணெண்ணெய் இல்லை, இறைப்பு மெசின் படுத்துவிட்டது. பழையபடி துலாவால் இறைப்பு. வெங்காயத்துக்குத் தண்ணீர் பாதிதான் பாய்ந்தது. நான் வரம்பில் இருந்து கட்டளை மட்டும். பிறகு கிணற்றடியில் சட்டையோடு குளித்தேன். புல்லுப் பிடுங்க வந்த பெண்டுகள் கண்டுவிட்டார்கள்.

"இஞ்சை பாருங்கோடி, ராசண்ணை சட்டையோடை குளிக்கிறார்!"

"சவுக்காரம் இல்லாத காலம். உடம்பையும் உடுப்பையும் ஒண்டாத் தோய்க்கிறார்."

சொன்னது பறங்கிக்காய். இந்தப் பேரும் நான் வைத்ததுதான், பின்பக்கத்துக்காக. "உன்ரை மனுசன் உடுப்பில்லாமல் குளிச்சும் ஊத்தை போகேல்லையே" என்றேன். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். தப்பினேன். ஈரச்சட்டை ஒட்டியதை ஒருத்தியும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பின்னேரம் ஐயர் வந்தார். பிள்ளையார் கோயில் ஆறாம் திருவிழா எங்கள் குடும்பத்தினுடையது. அண்ணை இருக்கும்வரை அவர் உபயகாரராக நின்றார். அண்ணை போய்விட்டார். அவருடைய பெடியள் கனடாவில், என் மகன் சுவிசில். மிஞ்சியது நான்.

"இருபத்திமூண்டாந் திகதி, செவ்வாய்க்கிழமை, தெரியுந்தானே. வெள்ளனவே வந்திடுங்கோ."

தெரியும். வேட்டி, இடுப்பில் சால்வை, விரலில் தர்ப்பை. மேலில் ஒன்றும் இல்லை. பூசை முடியும் வரை முன்னுக்கு நிற்க வேண்டும்.

யார் யார் வருவார்கள் என்று யோசித்தேன். தவளை. பறங்கிக்காய். அரைப்பாண் (ஆள் கட்டை). ஆறுமணி (கழுத்து திரும்பாது). ஒன்றரை (ஒரு கண் பாதி). என் வாயால் பேர் வாங்காத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் கண் இருக்கிறது. ஒன்றரைக்கும் அந்தளவு தெரியும்.

வெள்ளைக் குளிசை நாளையில் இருந்து இல்லை. மாசக்கணக்கு என்பது டொக்டர்மாருடைய கணக்கு. பிடுங்கிப் போட்ட வெங்காயத் தாள் வத்த எவ்வளவு நாள்? காற்றும் நல்லாய் இருக்கிறது.

15.6 திங்கள்

பூமணி (இனிமேல் பூ.) குளிசையும் தண்ணீரும் தந்துவிட்டு நிற்கிறாள். வாயில் போடுகிறேன், வெள்ளையைக் கன்னத்தில் ஒதுக்குகிறேன், அவள் போனதும் ஆட்டுக்குப் போட்ட இலைகுழைக்குள் வைக்கிறேன். நல்ல ஏற்பாடு. மார் நோவு குறைந்தது போல இருக்கிறது. இரவு படுத்தால் கொஞ்சம் மூச்சு முட்டு. தூசி என்று நினைக்கிறேன்.

கோயில் மடப்பள்ளிக்குத் தேங்காய், பச்சைப்பயறு, சர்க்கரை அனுப்ப வேண்டும். சர்க்கரைக்கு எங்கே போவது. பனங்கட்டிதான். பிள்ளையாருக்கும் தட்டுப்பாடு தெரியட்டும்.

18.6 வியாழன்

செருப்பு கொள்ளவில்லை. கணுக்காலில் பெருவிரலால் அமத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது, தோசை மாவில் போல. மார் அப்படியே. ஒரு நூல் குறையவில்லை. மேலேயும் வளர்ச்சி, கீழேயும் வளர்ச்சி. நடுவில் மட்டும் மனுசன் சுருங்குகிறேன்.

நேற்று இரவு கதிரையில் இருந்தபடி நித்திரை. தூரத்தில் ஷெல். பூ. பங்கருக்குள் கூப்பிட்டாள். படி இறங்கினால் ஏற மூச்சு வராது என்று சொல்லாமல், "எனக்கு உங்கடை பங்கர் நாத்தம் பிடிக்கேல்லை" என்றேன். அவளும் இறங்கவில்லை. எனக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள். எரிச்சலாக இருந்தது.

19.6 வெள்ளி

பிடிபட்டுவிட்டேன். ஆடு குழையைத் தின்றது, குளிசையைத் துப்பியது. பூ. தொட்டியில் பொறுக்கி, கழுவி, சட்டியில் வைத்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"ஆட்டுக்கு இருக்கிற அறிவு."

"அதுக்கு மடி இருக்கிறதாலை கவலை இல்லை."

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். இன்று இல்லை.

"ஊரிலை ஒருத்தரை மிச்சம் விடேல்லை நீங்கள். உங்கடை அண்ணை செத்த வீட்டிலை, தூக்கினவங்களைப் பாத்தும் பகிடி விட்டனீங்கள். ஒரு நாள், ஒரேயொரு நாள் உங்களைப் பாத்துச் சிரிச்சா உயிர் போயிடுமோ?"

"ஓம்."

"அப்ப போகட்டும். வெங்காயம் கிண்டி வித்த பிறகு போகட்டும். இப்ப வாயைத் திறவுங்கோ."

திறந்தேன். கழுவிய குளிசையையே போட்டாள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம். புகை என்று வைத்துக்கொள்வோம்.

20.6 சனி

பகல் முழுக்க மூத்திரம். கால் கொஞ்சம் இறங்கியது.

யோசித்து யோசித்துச் செல்லத்துரையிடம் போனேன். எனக்குப் பதிலாக உபயகாரராக நிற்கச் சொல்லிக் கேட்டேன்.

"நான் உங்கடை ஆக்கள் இல்லையே, அத்தான். நீங்கள் பெண் எடுத்த பக்கம். என்னத்துக்கு நான் நிக்க?"

"எனக்கு நெஞ்சு வருத்தம் எண்டு தெரியுந்தானே."

"நெஞ்சு வருத்தக்காரர்தான் சாமிக்கு முன்னாலை நிக்கவேணும். சொல்லுங்கோ, என்ன விசயம்?"

வேறு வழி இல்லை. சட்டையைத் தூக்கினேன்.

பார்த்தான். சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லித் தப்பியிருப்பேன். அவன் பனங்கட்டியைக் கடித்து, தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, மூக்குப்பேணியைக் கவிழ்த்து வைத்தான்.

"என்ரை பிள்ளையளையும் தவளைக்குஞ்சு எண்டுதான் பள்ளிக்கூடத்திலை கூப்பிட்டவை" என்றான். "நீங்களே நில்லுங்கோ. நான் முன்னுக்கு வந்து கும்பிடுறன்."

கழுத்து உப்பவே இல்லை. இவ்வளவு மெதுவாகவும் இவனுக்குப் பேசத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது.

22.6 திங்கள்

பழைய சேலையைக் கிழித்து நெஞ்சைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். பூ. முதுகில் காலை ஊன்றி இழுத்தாள். தட்டையாக வந்தது. மூச்சு வரவில்லை. தளர்த்தினால் மூச்சு வந்தது, மாரும் வந்தது.

நெஞ்சில் அடிபட்டதென்று சொல்லி, கட்டோடு நிற்கலாமா என்று ஐயரிடம் போய்க் கேட்டேன். "அடிபட்டால் துடக்குத் தீட்டு இல்லை, ஆனால் உபயகாரர் மேலிலை துணியோடை நிக்கேலாது. சந்தனத்தைப் பூசிக்கொண்டு வாங்கோ" என்றார்.

சந்தனம். அது ஒரு யோசனைதான். பூ. பின்னேரம் முழுக்க அரைத்தாள்.

23.6 செவ்வாய்

குளிசை போட்டேன், நாக்கைத் தூக்கிக் காட்டினேன். விபூதியும் சந்தனமும் நெஞ்சு நிறைய. அப்பம் சுடுகிற மாதிரி அப்பினாள். கோயிலுக்குப் போகும் வழியில் காய்ந்து வெடித்து, வட்டமாய் இரண்டு இடத்தில் மட்டும் விழுந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் மஞ்சள். வெறும் மேலோடு வந்திருந்தால் இவ்வளவு எடுப்பாகத் தெரிந்திராது.

நல்ல சனம். தூரத்தில் ஷெல் சத்தம் கேட்டது, ஒருவரும் எழும்பவில்லை. தர்ப்பை போட்டேன், முன்னுக்கு நின்றேன். பின்னால் குசுகுசு. பறங்கிக்காய் பக்கத்தில் நின்றவளை இடித்தாள். ஆறுமணி கழுத்து திரும்பாததால் முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தான். ஒன்றரை நல்ல கண்ணைக் கொண்டு வந்து வைத்தான்.

செல்லத்துரை சொன்னபடி முன்னுக்கு வந்தான். கையில் அவனுடைய பேத்தி. பால்மா இல்லை, தாய்க்கும் பால் போதவில்லை, காலையில் இருந்து அழுகையாம். தாய் மடப்பள்ளியில் மோதகம் பிடித்துக்கொண்டு இருந்தாள். தீபாராதனை தொடங்கும் நேரம் காண்டாமணி அடிக்க ஆள் இல்லை என்று செல்லத்துரையைக் கூப்பிட்டார்கள்.

"அத்தான், ஒருக்காப் பிடியுங்கோ."

பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு மணிக்கயிற்றுக்குப் போனான். திரை திறந்தது. எல்லோருக்கும் கை தலைக்கு மேல். எனக்கு மட்டும் இரண்டு கையும் பிள்ளையில். அது அழுதபடி முகத்தை இந்தப் பக்கம் உரஞ்சியது, அந்தப் பக்கம் உரஞ்சியது, பிறகு கண்டுபிடித்துக் கவ்வியது. அழுகை நின்றது. மணியும் நின்றது. ஐயர் தீபத்தை எனக்கு முன்னால் கொண்டுவந்து, பார்த்து, காட்டிவிட்டுப் போனார்.

பிள்ளைக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது.