சிவப்புத் துணி கட்டிய மரங்கள்

ஜனவரி 28, செவ்வாய்
இன்றும் பிளவுஸைப் பாதியில் போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். சுங்குவார்சத்திரம் ரோட்டில் கடை வைத்தால் தையல் மிஷினும் லாரி ஹாரனும் நாள் முழுக்கத் தலைக்குள் ஓடும். கரை ஏறினால் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஹைவே விளக்குகள் தண்ணீரில் நீளமாக நடுங்கின. மூன்று கருவேல மரத்திலும் கொக்குக் கூடுகள். வெள்ளை வெள்ளையாக இறங்கிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் நான் யார் என்பதே மறந்துபோனது.

ஜனவரி 30, வியாழன்
ஞாயிறன்று என் வீட்டுக்காரர் ஜீவாவின் கம்பெனி ஆட்கள் வந்து கரையில் நடைபாதை போடுகிறார்களாம். பெஞ்சும் வருமாம். சீமைக் கருவேலத்தை எல்லாம் பிடுங்கப்போகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் கூடு இருப்பது நாட்டுக் கருவேலத்தில். ஜேசிபிக்கு வித்தியாசம் தெரியுமா?
“நான் பாத்துக்கறேன், நீ தூங்கு” என்றார். இவர் பார்த்துக்கொள்ளும் லட்சணம் எனக்குத் தெரியாதா!

பிப்ரவரி 1, சனி
சிவப்பு லைனிங்கைக் கிழித்து மூன்று மரத்திலும் கட்டிவிட்டேன். சிவப்பைப் பார்த்தால் யாரும் நிற்பார்கள். ஜீவாவுக்குக் கம்பெனியில் ஓ.டி., ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. அவரிடம் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு
இரண்டு மரம் போய்விட்டது.
நான் போனபோது ஜேசிபி மூன்றாவது மரத்துக்கு வந்திருந்தது. குறுக்கே போய் நின்றேன். என்ன கத்தினேனோ. கரையின் அந்தக் கோடியிலிருந்து ஜீவா ஓடிவந்தார்.
“இன்னா சரோ, நீயா கட்டுன? எங்க கம்பெனில சிவப்பு டேக் போட்டா தூக்கிப் போடுன்னு அர்த்தம். அதான் மொதல்ல இதுங்களையே எடுத்துட்டாங்க.”
“அப்ப இருக்கணும்னா?”
“பச்சை.”
நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன். நானே! மண்ணில் உடைந்த முட்டைகள், வெளிறிய நீலத்தில். சாயங்காலம் வரை கொக்குகள் அங்கே இல்லாத மரங்களைச் சுற்றிக்கொண்டிருந்தன. பாவம், எங்கே இறங்கும்?

பிப்ரவரி 4, செவ்வாய்
கரைக்குப் போகவில்லை. கண்ணை மூடினால் வெள்ளையாகச் சுற்றுகிறது.

பிப்ரவரி 8, சனி
மஞ்சுளா தைக்கக் கொடுத்த பச்சை லைனிங்கைக் காணோம். காலையிலிருந்து தேடி அலுத்து, மனசு கேட்காமல் கரைக்குப் போனேன். மிஞ்சிய ஒற்றை மரத்தில் இடம் பிடிக்கக் கொக்குகளுக்குள் ஒரே சண்டை. நாளை ஜேசிபி வரப்போகும் தென்பக்கம் நடந்தேன்.
அங்கே மரத்துக்கு மரம் பச்சைத் துணி. கோணல்மாணலாகக் கிழித்து, ஜீவா கம்பெனியில் ஒயரைக் கட்டுகிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.
ஒன்றை மட்டும் சீமைக் கருவேலத்தில் கட்டிவைத்திருக்கிறார், மரம் தெரியாத மனுஷன். அவிழ்க்கப் போனேன். மனசு வரவில்லை.